வயர்லெஸ்

"தம்பி, உங்க குரலைத் தினமும் வயர்லெஸ்ல கேட்கிறேன்" என்றார் நிகழ்ச்சிக்கு அழைத்த பெரியவர். பக்கத்தில் இருந்த இளம் தயாரிப்பாளர், "ஐயா இயர்பட்ஸ் மாட்டியிருக்காரா?" என்று கிசுகிசுத்தார்!

1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் தாண்டி வந்த சமிக்ஞையைப் பிடித்தாரே, அந்தக் கம்பியில்லாத் தந்திதான் முதல் வயர்லெஸ். பிறகு வானொலிப் பெட்டிக்கும் ஆங்கிலேயர் அதே பெயரை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டிக்கு மின்சாரக் கம்பி, கூரைமேல் ஏரியல் கம்பி என்று ஒரே கம்பிமயம்! போலீஸ்காரர் கையில் இருப்பதும் வயர்லெஸ்தான். 2006-இல் சிங்கப்பூரின் இலவச இணையச் சேவை 'வயர்லெஸ்@எஸ்ஜி' என வந்ததும், பழைய சொல் இளையர் வாயிலும் புகுந்தது.

பெரியவரிடம் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன்.

"பாட்டு வேணாம் தம்பி. வீட்டுக்காரம்மா போனதுக்கப்புறம் இங்க பேசுறது வயர்லெஸ் மட்டும்தான். நேரம் சொல்லுங்க, போதும்."

சொன்னேன். காலை மணி 6.40.