பற்றாக்குறை யாருடையது? வெட்டு யாருக்கு?



சீனக்குடா ஆலையில் அரைக்கும் கோதுமை மா லொறி ஏறி மலைக்கு வந்து, நமது லயத்து அடுப்பில் ரொட்டியாகிறது. ஆனால் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு அந்த மா மூட்டையோடு முடிவதில்லை. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த அடி இரண்டு இடத்திலும் விழுந்தது. துறைமுகத்தின் ஓரத்தில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. அதே கரையில் கடற்றொழிலாளி படகுக்கு எண்ணெய் வாங்க வழியின்றி நின்றார். மானியத்தை இனித் தாங்க முடியாது, பற்றாக்குறை என்று காரணம் சொன்னார்கள்.

பற்றாக்குறை பொய்யல்ல. அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. 2019 டிசம்பரில் பொதுஜன பெரமுன அரசு வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. மாதச் சம்பளத்தில் பிடித்த வரியை நிறுத்தியது. கம்பனிகளின் வருமான வரியையும் குறைத்தது. திறைசேரிக்கு வரவேண்டிய பணம் வராமல் போனது. கொழுந்து பறிக்கும் நம் அக்காமாருக்கு அதில் என்ன கிடைத்தது? சம்பளத்துக்கு வரி கட்டும் அளவு சம்பளமே நமக்கு இருந்ததில்லை.

அந்தக் குழியை நிரப்பும்போது மட்டும் நம்மைத் தேடி வந்தார்கள். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது. டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் கூட அது வந்தது.

அதற்கு முன்பே நமது ஊழியர் சேமலாப நிதியில் கைவைத்து விட்டார்கள். நாம் 8 வீதம், தோட்டம் 12 வீதம் என்று மாதாமாதம் சேர்க்கும் காசு அது. 2023 ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு 122க்கு 62 என்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது. குறைந்த வட்டிக்கு முறிகளை மாற்றிக்கொள், இல்லையென்றால் 14 வீத வரி 30 ஆகும் என்று நிதிக்கு நிபந்தனை போட்டார்கள். புது முறிக்கு முதலில் 12 வீதம், பிறகு 9 வீதம். வங்கிகளிடம் இருந்த முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே வரி கட்டுகின்றனவாம். அப்படியானால் முதுகு வளையக் கூடை சுமந்தவர்கள் எதுவும் கட்டவில்லையா?

அன்று எதிர்த்துப் பேசிய தேசிய மக்கள் சக்தி 2024இல் ஆட்சிக்கு வந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்திலும் வற் 18தான். சர்வதேச நாணய நிதியம் கேட்ட 2.3 வீத முதன்மை உபரி இலக்கும் அதேதான். அன்று கையுயர்த்தியவர்கள் இன்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஏழைகளுக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள். ஆசனம் மாறுகிறது, பேச்சு மாறுகிறது. வெட்டு விழும் இடம் மட்டும் மாறுவதில்லை.

கணக்கைச் சமன் செய்யாதே என்று நாம் சொல்லவில்லை. யார் காசில் சமன் செய்கிறாய் என்று கேட்கிறோம். 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோதும் பற்றாக்குறைதான் காரணம் என்றார்கள். ஓகஸ்ட் 12 ஹர்த்தாலுக்குப் பின் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது.

எனவே நமது கோரிக்கைகள்: சேமலாப நிதியில் இழந்த வட்டியை ஈடு செய்! அந்த நிதியைப் பற்றிய முடிவுகளில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் கொடு! வற் வரியைக் குறைத்து, சொத்துக்கும் பெரும் இலாபத்துக்கும் வரி போடு! தோட்டத்துக்கும் கடற்றொழிலாளிக்கும் மண்ணெண்ணெய் நிவாரணம் கொடு!

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதை வாசித்துப் பேசட்டும். வாக்குக் கேட்டு வருபவர் எந்த நிறக் கொடி பிடித்தாலும் சரி, முதலில் இந்த நான்குக்கும் பதில் சொல்லட்டும்.