பெட்டிக்குள் அடங்காத பெயர்கள்

அறிமுகமில்லாத ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது பெயரைத்தான். அவரும் தயங்காமல் சொல்லிவிடுகிறார். ஆனால் அதே மனிதர் கணிப்பொறித் திரையின் முன் அமரும்போது திகைக்கிறாரே, ஏன்? அங்கே ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் முதற்பெயர், மற்றொன்றில் குடும்பப் பெயர். முன்னெழுத்தும் பெயருமாக வாழ்ந்து வரும் தமிழனுக்கு இரண்டாவது பெட்டியில் இட என்ன இருக்கிறது?

இந்தப் பெட்டிகளை வரைந்தவர் யாரோ எட்டாத உயரத்தில் இருப்பவர் அல்லர், நண்பர்களே. கணிப்பொறி அறிவியல் பயிலும் என்னைப் போன்ற ஒரு மாணவர்தாம் நாளை அதை வரையப் போகிறவர். எனவே குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர், தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின் மேல் நிற்பவையே. அட்டவணையின் கட்டத்தையும் திரையிலுள்ள பெட்டியையும் முடிச்சிட்டு இணைத்துவிட்டால், பெட்டியில் மாற்றியது கட்டத்தில் மாறும். கட்டத்தில் மாறியது திரையில் தெரியும். இதுவே தரவுப் பிணைப்பு. ஆய்வகத்தில் நாங்கள் டேட்டா பைண்டிங் என்றே சொல்வோம். வேலையை வெகுவாகக் குறைக்கும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் அட்டவணையில் இல்லாத ஒன்றைத் திரையால் காட்ட முடியாது. கட்டத்தைத் தவறாக வகுத்துவிட்டால், அதனோடு பிணைத்த விண்ணப்பம், அடையாள அட்டை, சான்றிதழ் ஆகிய அனைத்திலும் அதே தவறு ஒரே முகத்தோடு வந்து நிற்கும். திரைக்கு எத்தனை வண்ணம் பூசினாலும் பயனில்லை.

விளைவுகள் சிறியவை அல்ல. பான் அட்டைக்கு நெடுங்காலம் வழங்கிய 49ஏ படிவம், குடும்பப் பெயரைத்தான் முதலில் கேட்டது. முன்னெழுத்து கூடாது என்றும் சொன்னது. வேறு வழியின்றித் தந்தையின் பெயரை அங்கே எழுதியவர்கள், பள்ளிச் சான்றிதழில் ஒருவராகவும் பான் அட்டையில் வேறொருவராகவும் ஆனார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது. ஒரு வெற்றுப் பெட்டி விமான நிலையம் வரை துரத்துகிறது, பாருங்கள்!

2021 டிசம்பரில் தமிழக அரசு, முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என ஆணையிட்டது. மகிழ்ச்சிக்குரிய ஆணைதான். ஆனால் தரவுத்தளத்தில் ஆங்கில 'எஸ்' மட்டும் இருக்குமானால், அது ச-வா, சி-யா, சு-வா, செ-யா? எந்தக் கணிப்பொறியாலும் சொல்ல இயலாது. அந்த எழுத்துக்குரிய முழுப் பெயரை முதலிலேயே பதிந்து வைத்திருக்க வேண்டும். சேர்க்காததைப் பிறகு தேடினால் எங்கிருந்து வரும்?

இனி என் சொந்தக் கதை. செய்முறைப் பயிற்சிக்காக ஒரு வருகைப் பதிவேட்டை எழுதினேன். அமுதன், அரசு, அழகு, அறிவு, அன்பு என வர வேண்டிய பட்டியல், அன்பு, அமுதன், அரசு, அறிவு, அழகு என வந்தது. தமிழாசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, உன் கணிப்பொறிக்கு அகரவரிசை தெரியாதா?" என்று சிரித்தார். தவறு கணிப்பொறியினுடையது அன்று. யூனிகோடில் 'ன' எழுத்தின் எண் 'ந'வுக்கு அடுத்து அமைந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தாமல், தமிழ் வரிசையைக் கேட்டுப் பெறும் வழி உண்டு. நான்தான் கேட்கவில்லை.

இடம் ஒதுக்குவதிலும் சறுக்கினேன். நந்தனம் என்பது நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள்; யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வீதம் 21 பைட்டு. 20 பைட்டு போதும் என்று நினைத்தவனிடம் சில தரவுத்தளங்கள் 'ஏற்க மாட்டேன்' என்று மறுத்துவிடும். சில ஓசைப்படாமல் கடைசிப் புள்ளியை வெட்டி 'நந்தனம' ஆக்கிவிடும். மறுப்பதே மேல் என்பேன்.

உலகம் முழுவதும் வழங்கும் முறையை நமக்காக மாற்ற முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். உலகம் முழுவதும் என்பதே சரியன்று. இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கு ஒரே பெயர். ஐஸ்லாந்தில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாய் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தொலைபேசிப் பட்டியலில் கூட ஒருவரை அவருடைய சொந்தப் பெயரின் வரிசையிலேயே தேட வேண்டும். அந்தச் சிறு நாட்டுக்கு இயன்றது நமக்கு இயலாதா?

என் பதிவேட்டைத் திருத்தி எழுதினேன். அவரவர் எழுதும்படியே பெயருக்கு ஒரு கட்டம். முன்னெழுத்துக்குரிய பெயருக்கு வேறொரு கட்டம், அது வெறுமையாகவும் இருக்கலாம். ஆங்கில வடிவத்துக்குத் தனியே ஒன்று. 'தந்தை பெயர்' என்று தலைப்பிடவில்லை. பிறகு வகுப்பு நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் சென்று கேட்டேன். பழைய பட்டியலில் வெறும் ஆங்கில 'எஸ்' என்று நின்றவர்கள் மூவர். ஒருவருக்கு அது சுப்பையா, ஒருவருக்குச் சையது, மற்றவருக்கு அவருடைய தாயார் செல்லம்மாள்.