நடைபாதை வியாபாரிகளும் நகர நிர்வாகமும்

நெல்லும் வாழையும் பயிரிடுவோருக்கும், தறியில் அமர்ந்து நெய்வோருக்கும், நகரத்து நடைபாதையில் கூடை இறக்கி விற்பவரைப் பற்றி என்ன கவலை என்று நம் அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே, விடையும் எளிதானதே. திருவையாற்றுப் படுகையில் அறுத்த வாழையிலையும், கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையும், கொல்லையில் விளைந்த கீரையும் தஞ்சை நகரத்து வீடுகளை எட்டும் வழியில் கடைசியாகக் கைமாறும் இடம் பல வேளைகளில் நடைபாதைதான். நம் பட்டுச் சேலைக்குச் சங்கமும் கோ-ஆப்டெக்ஸும் உண்டு. சாதாரணத் துண்டுக்கும் கைலிக்கும் தெருவோரத்து விரிப்பே பல ஊர்களில் கடை. அந்தக் கடை ஒரு நாள் அப்புறப்படுத்தப்பட்டால், அன்றைய நஷ்டம் தெருவோடு நிற்பதில்லை. கடனுக்கு இலைக்கட்டு கொடுத்த குடியானவரின் வாசல் வரையில் அது வந்து சேருகிறது.

நகர நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. நடைபாதை நடப்பவருக்கு உரியது. ஆம்புலன்ஸ் வண்டி நெரிசலில் நின்றால் ஓர் உயிருக்கே ஆபத்து. வாடகையும் வரியும் செலுத்திக் கடை நடத்துபவர், தம் வாசலை மறைத்து நிற்கும் தள்ளுவண்டியைக் கண்டு மனம் கசப்பதும் இயல்பே. எனவே இரு தரப்பாரில் ஒருவர் கொடியவர், மற்றவர் அப்பாவி என்று எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரு நியாயங்களும் ஒரே மேஜையின்முன் எப்படி வந்து அமர்வது என்பதே இங்கே ஆராயத்தக்கது.

வழக்கமாக நடப்பது யாவரும் அறிந்ததே. லாரி வருகிறது, தராசும் கூடையும் ஏற்றப்படுகின்றன. வியாபாரிகள் கூடி ஒரு பிரமுகரிடம் ஓடுகிறார்கள். அவர் ஓர் அதிகாரியைப் பார்க்கிறார். சில வாரங்கள் அமைதி நிலவுகிறது. அதிகாரி மாறினாலோ, பெரிய மனிதர் ஒருவரின் வருகை அறிவிக்கப்பட்டாலோ மீண்டும் லாரி வருகிறது. இதைப் பேச்சுவார்த்தை என்று கூறுவது தகாது, இது மன்றாட்டு. மன்றாட்டில் கிடைப்பது சலுகை. சலுகைக்குச் சாட்சியும் இல்லை, ஆயுளும் இல்லை.

இந்நிலையை மாற்றவே 2014-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்கும் வியாபார ஒழுங்குக்குமாக ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டு மே 1 முதல் அது அமலில் உள்ளது. ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது. இடம் மாற்றவோ அகற்றவோ வேண்டுமாயின் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அது விதிக்கிறது. பறிமுதல் செய்த பொருள்களில் அழுகக்கூடியவற்றை, வியாபாரி உரிமை கோரிய அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் உண்டு. காலையில் எடுத்த கீரைக்கட்டு மாலையில் திரும்பினால் அது மாட்டுக்குத்தான் உதவும் என்பது நமக்குத் தெரியாததன்று. ஆயினும் விதி என்று ஒன்று இருப்பது, இல்லாததைவிட நன்று.

சட்டத்தின் உயிர்நிலை நகர விற்பனைக் குழுவே. ஆணையர் அதன் தலைவர். காவல்துறையும் வணிகர் சங்கங்களும் குடியிருப்போரும் வங்கிகளும் அதில் இடம் பெறலாம். அங்கத்தினர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். குழு தன் நடவடிக்கைகளைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தவும் கடமைப்பட்டது. பேசுவதற்கு இடம் தேடி அலைய வேண்டிய நிலை, ஏட்டளவிலாவது நீங்கிவிட்டது. ஆனால் நாட்டின் பல நகரங்களில் கணக்கெடுப்பும் குழுத் தேர்தலும் ஆண்டுக்கணக்கில் தாமதப்பட்டன. குழு அமைந்த இடங்களிலும், அமைத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டால் பயன் இல்லை.

நிர்வாகத்துக்கும் வியாபாரிகளுக்கும் இடையே உரையாடல் எப்படி வளரும், எப்படி அறுபடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் தக்க உதாரணம். அது நமக்கு அந்நியமான ஊரன்று. 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் சென்று இறங்கிய ஊர் அது. அவர்களும் அவர்கள் சந்ததியாரும் காய்கறி பயிரிட்டுக் கொண்டுவந்து விற்ற விடியற்காலைச் சந்தை, அந்நகரத்தின் வார்விக் சந்திப்பில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது.

நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1990-களின் பிற்பகுதியில் டர்பன் நகராட்சி வார்விக் சந்திப்பைச் சீரமைக்க முற்பட்டது. வியாபாரிகளை விரட்டி இடத்தைச் சுத்தம் செய்யாமல், அதிகாரிகள் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். மூலிகை விற்பவர்களுக்கு, கட்டி முடிக்கப்படாமல் நின்ற ஒரு மேம்பாலத்தின் மேலேயே சந்தை அமைத்துக் கொடுத்தார்கள். மாட்டுத்தலை சமைத்து விற்கும் பெண்களின் அடுப்பையும் கழிவுக் கொழுப்பையும் பற்றிப் பேசி, அத்தொழிலுக்கு ஏற்ற இடம் வகுத்தார்கள். உலகெங்கும் அதைப் பாராட்டிப் பேசினார்கள்.

ஆனால் 2009-இல் அதே நகராட்சி, அந்த விடியற்காலைச் சந்தையை இடித்துப் பெரிய வணிக வளாகம் எழுப்பத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அந்நாட்டில் நடக்கவிருந்தது. வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். 2011-இல் திட்டம் கைவிடப்பட்டது. பத்தாண்டுப் பேச்சு எப்படி இவ்வளவு விரைவில் அறுந்தது? அது சில நல்ல அதிகாரிகளின் மனத்தில் வேரூன்றிய அளவுக்கு நகராட்சியின் நடைமுறையில் வேரூன்றவில்லை என்பதே என் கருத்து. நல்லவர் இருக்கும் வரை நன்மை என்பது ஒரு ஏற்பாடன்று, அது அதிர்ஷ்டம்.

சங்கங்களின் புத்தகங்களைப் பரிசோதிப்பது என் உத்தியோகமாதலால், ஒன்றைத் துணிந்து கூறுவேன். ஒரு சங்கத்தின் ஆரோக்கியத்தை அதன் கட்டிடத்தைப் பார்த்து அறிய முடியாது. தீர்மானப் புத்தகத்தைப் பார்த்து அறியலாம். கூட்டத்துக்கு முறைப்படி அறிவிப்புச் சென்றதா? கோரம் இருந்ததா? எதிர்த்துப் பேசியவரின் அபிப்பிராயமும் எழுதப்பட்டதா? சென்ற கூட்டத்தில் முடிவானது இந்தக் கூட்டத்தில் விசாரிக்கப்பட்டதா? இந்நான்கும் சரியாக இருந்தால், செயலாளர் மாறினாலும் தலைவர் மாறினாலும் சங்கம் நிற்கும். நகர விற்பனைக் குழுவுக்கும் இதுவே அளவுகோல். கீழவாசலில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வண்டி நிற்கலாம் என்று பேசி முடித்தால், அது எழுத்தில் ஏறி, நகல் வியாபாரியின் கையிலும் போக்குவரத்துக் காவலரின் கையிலும் இருக்க வேண்டும். எழுத்தில் ஏறாத பேச்சு, அடுத்த அதிகாரி வந்த அன்றே மறந்துபோகும்.

தஞ்சை மாநகராட்சியானதும் அந்த 2014-ஆம் ஆண்டிலேதான். 2016-இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டது; காமராஜ் மார்க்கெட் இடிக்கப்பட்டுப் புதிதாக எழுந்தது. 2021-இல் கும்பகோணமும் மாநகராட்சியாயிற்று. 2016-க்குப் பின் அடுத்த மகாமகம் அங்கே 2028-இல் வருகிறது. லட்சக்கணக்கானோர் கூடும் அவ்விழாவில் தெருக்களை ஒழுங்குபடுத்தியே ஆக வேண்டும். அதைக் குறித்து வியாபாரிகளோடு எப்போது பேசுவது? விழாவுக்கு முந்திய வாரத்தில் பேசினால் அது உத்தரவு. இப்போதே பேசத் தொடங்கினால் அது உடன்பாடு. எவ்விடம், எத்தனை நாள், விழா முடிந்தபின் பழைய இடம் திரும்பக் கிடைக்குமா என்ற மூன்றும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்.

இதில் நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, அங்கத்தினர் குடும்பங்களில் நகரத் தெருவில் விற்பவர் யாரேனும் இருந்தால், கணக்கெடுப்பில் பெயர் ஏறியுள்ளதா, சான்றிதழ் பெற்றுள்ளாரா என்று விசாரித்து உதவுவது. இரண்டாவது, வியாபாரிகளின் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்படும் பெண்களுக்குக் கூட்ட நடைமுறையைக் கற்றுத் தருவது. குறிப்பில் தவறு இருந்தால் எழுந்து திருத்தச் சொல்லும் துணிவு, நம் பொதுக்குழுவில் அமர்ந்து பழகியவர்களுக்கு உண்டு. அதை அவர்களுக்கும் பகிர்ந்தளிக்கலாம். மூன்றாவது, கடன். காலையில் நூற்றுக்குப் பத்தைப் பிடித்துக்கொண்டு கொடுத்ததை மாலையில் முழு நூறாகத் தண்டும் வட்டிக்காரரிடமிருந்து வியாபாரியை மீட்க, கூட்டுறவு வங்கிகளின் சிறு வணிகக் கடனும், 2020 முதல் மத்திய அரசு தெரு வியாபாரிகளுக்காக நடத்திவரும் கடன் திட்டமும் உள்ளன. கடன்பட்டவர் தண்டல்காரருக்கு அஞ்சுவார். அஞ்சுபவர் கூட்டத்தில் வாய் திறப்பது அரிது.

வியாபாரிகளுக்கும் கடமை உண்டு. விற்பனைச் சான்றிதழையோ இடத்தையோ பிறருக்கு வாடகைக்கு விடக் கூடாதென்று சட்டம் சொல்கிறது. நடப்பவருக்கு வழி விடுவதும், குப்பையைத் தாமே அள்ளுவதும், ஒப்புக்கொண்ட எல்லைக்குள் நிற்பதும் அவர்கள் காக்க வேண்டியவை. ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் மட்டும் நிற்பதில்லை.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வருவதற்கு முன், ஏழைக் குடியானவர் லேவாதேவிக்காரரின் திண்ணையில் கைகட்டி நின்றவரே. அச்சட்டத்தின் கீழ் திரூரில் தொடங்கிய சிறு சங்கமும் அதன்பின் எழுந்த ஆயிரமாயிரம் சங்கங்களும் அவரை நாற்காலியில் உட்கார வைத்தன. நடைபாதையில் நிற்பவருக்கு நாற்காலி சட்டத்தில் போடப்பட்டுவிட்டது. அவர் அதில் அமர்ந்து பேசவும், பேசியது குறிப்பில் ஏறவும் துணை நிற்பது, முன்பு அதே நிலையில் நின்றவர்களாகிய நம் கடமையாகும்.