கார் கடல் கடந்தது, கடிதம் கடக்கவில்லை

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், உடையார்கட்டுச் சந்தியிலே சிறிது நேரம் நிற்போர், உழவு இயந்திரங்களுக்கு இடையே யப்பானிய ஹைபிரிட் கார்களும் ஓடுவதைக் காண்பர். நெல் விற்ற பணத்தோடு லீசிங் கடனையும் சேர்த்து வாங்கியவர் பலர். பெற்றோல் எவ்வளவு குடிக்கும், பற்றரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்று துருவித் துருவி வினவும் நாம், காற்றுப் பையைப் பற்றி மட்டும் வினவுவதில்லை.

ஹொண்டா சிவிக் ஹைபிரிட்டை எடுத்துக்கொள்வோம். 2006இல் அமெரிக்கக் காப்புறுதியாளரின் மோதற் சோதனையில் சிவிக் தங்கத் தரம் பெற்றது. பின்னர் அதே வண்டி தக்காத்தா காற்றுப் பை மீளழைப்புப் பட்டியலிலும் ஏறியது. பையை ஊதச் செய்யும் அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரப்பதனும் ஆண்டுக்கணக்கில் தாக்கக் கெட்டுப்போகிறது. மோதலின்போது அளவுமீறி வெடித்து உலோகக் கூட்டைச் சிதறடிக்கிறது. உலோகச் சிதறல் உடலில் என்ன செய்யும் என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் பைகள் மீளழைக்கப்பட்டன. தக்காத்தா 2017இல் வங்குரோத்தடைந்தது. எமது வெயிலையும் மழையையும் ஒத்த மலேசியாவிலும் உயிர்கள் பலியாயின.

தரச் சான்று புதிய வண்டிக்கு உரியது. பதினைந்து கோடை கண்ட வண்டிக்கு அன்று.

மீளழைப்பு நிகழ்ந்தால் யப்பானில் பதிவுபெற்ற உரிமையாளருக்குக் கடிதம் செல்லும்; பழுது இலவசமாக நீக்கப்படும். ஏற்றுமதிக்கெனப் பதிவு நீக்கப்பட்ட வண்டியின் புதிய உரிமையாளர் உடையார்கட்டில் இருக்கிறார் என்பதை அங்கு யார் அறிவார்? ஆயின் கொழும்பு அறியும். செசி இலக்கமும் உரிமையாளரின் முகவரியும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டிலே உள்ளன. வரியைத் தவறாது அறவிடும் அரசாங்கத்துக்கு ஒரு தபால் அனுப்ப இயலாதா?

சட்டத்தை நாடலாமே என்பர் சிலர். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின் கீழ், விற்பனை நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். மீளழைப்போ பத்தாண்டு கழித்தும் வரும்! இந்தியா 2019இல் தனது மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பழுதுள்ள வண்டிகளை மீளழைக்குமாறு உற்பத்தியாளருக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அத்தகைய பிரிவொன்று எமது சட்டத்திலும் வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களே கைமாறின. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகையைச் சோதிக்கிறார்கள், நன்று. அவ்வேளையிலேயே செசி இலக்கத்தை மீளழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, முடிவைத் தமிழில் எழுதிக் கையளிக்க வேண்டுமெனக் கோருகிறோம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய அமைச்சோ தேவையில்லை. எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இக்கோரிக்கையை வரவு செலவுத் திட்ட விவாதத்திலே எழுப்புவார்களா?

அதுவரை, கார் வைத்திருப்போர் பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தைப் பிரதிசெய்து, அவ்வண்டியின் முகவரிடம் எழுத்தில் வினவி, விடையையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்வார்களாக.