கௌரவத்திற்கா, பிரயாணத்திற்கா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அன்றுதொட்டு வல்வெட்டித்துறையில் பெற்றோல் காரா, மின்சாரக் காரா என்பதே பேச்சு. கார் தேவைதானா என்று கேட்பார் எவருமிலர். நாம் கேட்கின்றோம்.

இவ்வூரிலிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். உடுப்பிட்டி அதனினும் அண்மை. சந்தைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் தனியொருவர் செல்ல ஆயிரங் கிலோ இரும்பு உருள வேண்டுமா? சீதனப் பட்டியலிலும் கார் ஏறிவிட்ட சமுதாயத்தில், அது வாங்கப்படுவது பிரயாணத்திற்கன்று, கௌரவத்திற்கே!

அக்கௌரவம் 2022இல் எங்கே போயிற்று? வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் எனப் பங்கீடு வந்தபோது, வரிசையில் நின்ற கார்களைக் கடந்து சென்றது துவிச்சக்கர வண்டியன்றோ? 1990இன் பின் பெற்றோல் தடுக்கப்பட்ட காலத்தில், எஞ்சிய கார்கள் மண்ணெண்ணெயில் புகை கக்க, டாக்டரும் ஆசிரியரும் உழவரும் மிதித்தே தம் கடமை செய்தனர். அத்துன்பத்தை நாம் போற்றவில்லை. அன்று நிர்ப்பந்தத்தால் இயன்றது, இன்று விருப்பத்தால் இயலாதா என்றே வினவுகின்றோம்.

மின்சாரக் கார் புகை கக்காது என்பர். உண்மை, பெற்றோல் காரினும் அது மேலானதே. ஆயினும் இரவில் அதற்கு ஏற்றும் மின்னில் நுரைச்சோலை நிலக்கரியும் கலந்துள்ளது. கூரையில் சூரியத் தகடு பொருத்திப் பகலில் மின்னேற்றுவோர்க்கே அவ்வாதம் முழுமையாகப் பொருந்தும்.

புகையினும் பெரிய கேடு நம் காலடியில் இருக்கின்றது. வற்றாத ஆறொன்றில்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக் கல்லினூடே ஊறும் நீரே நமக்குக் குடிநீர், வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் பாசனம். வாகனக் கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றினால் அது கிணற்றை நாடும். சுன்னாகத்தில் மின்னிலைய எண்ணெய் கிணறுகளை மாசாக்கிய வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு விதித்ததை மறந்தோமா?

நள்ளிரவில் நோயாளியை மந்திகை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லக் கார் வேண்டும். அதனை வாடகைக்கும் பெறலாம். விளைபொருளேற்ற உழவு இயந்திரம் வேண்டும். வல்லைவெளிக் காற்றை எதிர்த்து முதியோர் யாழ்ப்பாணம்வரை மிதிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. அவர்க்கு வேண்டியது, மாலைக்குப் பின்னும் ஒழுங்காக ஓடும் பஸ். அதனைக் கேட்டுப் போராட வேண்டிய கற்றோர், ஆளுக்கொரு கார் வாங்கித் தம் வழியைப் பார்த்துக்கொண்டால், உழவனுக்காகப் பேசுவார் யார்?

வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’, காற்றையே துணைக்கொண்டு கடல்கள் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அவ்வூரின் மக்கள் சந்தைக்குச் செல்லவும் பெற்றோலை நம்புவதா?

அருகிலுள்ள இடத்திற்கு மிதியுங்கள். தொலைவுக்குப் பஸ் கேளுங்கள். கார் தேவையெனில் தேவைக்கு மட்டும் கொள்ளுங்கள். கடன்பட்டு வாங்கும் கௌரவம், அடுத்த எண்ணெய்ப் பஞ்சத்தில் முற்றத்தில் துருப்பிடிக்கும்!