தொட்டுப் பழகிய பொம்மை

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பிளாஸ்டர் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையைப் பாருங்கள். அச்சின் இரு பாதியும் கூடிய இடத்தில் ஒரு தழும்பு ஓடும். கண்ணுக்குத் தப்புவதும் கட்டைவிரலுக்குத் தப்பாது. பார்வை மறுவாழ்வுப் பணியில் இருக்கும் நாம் இந்தக் கட்டைவிரலை மறந்துவிடுகிறோம்.

கண் அறுவைக்குப் பின் கட்டு அவிழ்த்ததும் "இது என்ன, சொல்லுங்கள்" என்று கேட்பது நம் வழக்கம். பிறவிக் கண்புரையோடு வளர்ந்து பெரியவரான ஒருவரிடம் இதைக் கேட்பது நியாயமே இல்லை. கையால் மட்டுமே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்தவர், பார்வை வந்தவுடன் எது எது என்று பார்த்தே சொல்வாரா என்று மோலினோ 1688இல் தத்துவஞானி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார். விடை நம் நாட்டில் கிடைத்தது. நரம்பியல் விஞ்ஞானி பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐவரைச் சோதித்து, முடிவுகளை 2011இல் வெளியிட்டார்கள். தொட்ட பொருளைத் தொட்டும், பார்த்ததைப் பார்த்தும் சரியாகவே பொருத்தினார்கள். தொட்டதைப் பார்த்து அடையாளம் சொல்வதோ குருட்டாம்போக்குதான். ஆனால் மறுபடி சோதித்தவர்களிடம் சில நாட்களிலேயே நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

வயதானவர்களுக்கு இங்கிலாந்தின் சிட்னி பிராட்ஃபோர்டு கதையே பாடம். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வை இழந்தவருக்கு 52 வயதில் கருவிழி மாற்றினார்கள். பள்ளியில் தடவிக் கற்ற பெரிய எழுத்துகளைப் பார்த்தவுடன் படித்தார். தடவிப் பழகாத சிறிய எழுத்துகள் பிடிபடவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு கடைசல் இயந்திரம் அவருக்கு விளங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிய பிறகுதான் விளங்கியது. அவர் நாளடைவில் மனம் சோர்ந்துபோனார், 1960இல் இறந்தார். ஆகவே மனநல ஆலோசனைக்குத் தனியாக நிதி ஒதுக்காத திட்டம் எதுவானாலும் அரைகுறைதான்.

இன்னொன்று. பிரகாஷ் திட்டத்தில் 29 வயதில் கண்ணாடி பெற்ற ஒருவருக்கு, பந்தும் அதன் நிழலும் தனித்தனிப் பொருள்களாகத் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்று கிடந்த உருவங்கள் துண்டு துண்டாகப் பிரிந்தன. நகர்த்திக் காட்டியபோதுதான் எது ஒரே பொருள் என்று புரிந்தது. அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் பளபளக்கும் பீங்கான் கோப்பையை வைத்தால், அதில் விழும் ஜன்னல் வெளிச்சத்தையும் ஒரு பொருளாகத்தானே எண்ணுவார்?

அதனால் ஒரு யோசனை, சோதித்துப் பார்க்கத்தான். விருத்தாசலத்தில் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு பூசாமல் சுட்ட பொம்மைகளைக் கேட்டு வாங்குங்கள். மங்கலான ஒரே வெள்ளை, பளபளப்பே இல்லை. யானையானாலும் மாடானாலும் அதனதன் அச்சில் ஒரே மாதிரி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். சிகிச்சைக்கு ஒரு மாதம் முன்பே நோயாளியின் கையில் கொடுங்கள். கட்டு அவிழ்த்த பிறகு அதே பொம்மையைக் கறுப்புத் துணிமேல் வைத்து, மெல்ல நகர்த்திக் காட்டுங்கள். பெயர் கேட்காதீர்கள், அவரே தொட்டுக்கொள்ளட்டும். முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று குறித்து வைத்து, பலிக்காதவற்றையும் சேர்த்து எங்களுக்கு எழுதுங்கள்.