கேட்டு உண்பதில் வெட்கம் எதற்கு?

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில், பெரிய தேவாலயத்தைச் சுற்றியுள்ள பழைய நகரப் பகுதி எந்நேரமும் சுற்றுலாப் பயணிகளால் நிறைந்திருக்கும். சந்துதோறும் பயேயா சோற்றின் வண்ணப்படங்கள் நம்மை அழைக்கும். குடும்பத்துடன் அங்கே ஓர் உணவகத்தில் அமர்ந்தோம். தபாஸ் எனப்படும் சிறுதட்டு உணவுகளின் பட்டியலில் 'அல்போந்திகாஸ்' என்றொரு பெயர் இருந்தது. நம் கோலா உருண்டையை ஒத்த இறைச்சி உருண்டை அது. 'அல்புந்துக்கா' என்னும் அரபுச் சொல்லே அப்பெயரின் மூலம். பிள்ளைகள் ஆவலுடன் அதையே கேட்டனர்.

எந்த இறைச்சி என்று விசாரிக்க ஒரு கணம் தயங்கினோம். பக்கத்து மேசையினர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இறுதியில் கேட்டோம். மாட்டிறைச்சியுடன் பன்றியிறைச்சியும் கலந்தது, குழம்பில் சிறிது ஒயினும் உண்டு என்று பரிமாறுபவர் இயல்பாகச் சொன்னார். பெயர் அரபு, உள்ளே இருப்பதோ ஹராம்! அந்த ஒரு கணத் தயக்கம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அந்த மண்ணின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். அங்கே நெற்பயிரை வேரூன்றச் செய்தவர்களும் பாசன வாய்க்கால்களைப் பெருக்கியவர்களும் முஸ்லிம்களே. அரிசியைக் குறிக்கும் 'அரோஸ்', குங்குமப்பூவைக் குறிக்கும் 'அசஃப்ரான்', வாய்க்காலைக் குறிக்கும் 'அசேக்கியா' ஆகிய மூன்றும் அரபிலிருந்து வந்த ஸ்பானியச் சொற்கள். நெல் விளையும் 'அல்புஃபேரா' ஏரியின் பெயரும் 'அல்புஹைரா' என்பதன் திரிபே. இன்றைய தேவாலயம் நிற்கும் இடத்தில் முன்பு பள்ளிவாசல் இருந்தது.

1238இல் நகரம் கிறிஸ்தவ அரசர் முதலாம் ஜைமேயிடம் வீழ்ந்தது. முஸ்லிம்கள் அதன் பின்னரும் அங்கே வாழ்ந்தனர். 1520களில் அவர்கள்மீது ஞானஸ்நானம் திணிக்கப்பட்டது. பன்றியிறைச்சியை உண்ண மறுப்பதும் மதுவைத் தவிர்ப்பதும்கூட, இன்குவிசிஷன் எனப்பட்ட திருச்சபை விசாரணை மன்றத்தின் சந்தேகத்துக்கு இலக்காயின. 1609இல் தொடங்கிய நாடுகடத்தலில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் வலென்சியாவின் முஸ்லிம் வழித்தோன்றல்களே. உணவு மேசையில் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்கு அவர்கள் கொடுத்த விலை அத்தகையது. நாம் இழக்கப்போவதோ ஒரு நிமிடக் கூச்சம் மட்டுமே.

ஆகவே கேட்போம், அறிந்து கேட்போம். வலென்சியாவின் மரபான பயேயாவில் கோழியும் முயலும் சேரும். அவை இஸ்லாமிய முறையில் அறுக்கப்பட்டவையா என்பது முதல் கேள்வி. கடலுணவுப் பயேயா என்றால் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சோறு வேகும் சாறு எதில் காய்ச்சப்பட்டது, ஒயின் சேர்ந்ததா, சொரிசோ என்னும் பன்றித் தொத்திறைச்சி உண்டா என்பவற்றை அடுப்பில் ஏற்றும் முன்பே விசாரிக்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல்கூடப் பன்றியிறைச்சி பொரித்த எண்ணெயில் பொரிந்திருக்கலாம். ஷாஃபி மத்ஹபினருக்குக் கடலுணவில் பரந்த அனுமதி உண்டு; ஹனஃபி மத்ஹபினர் கணவாய், சிப்பி ஆகியவற்றையும் கவனிப்பர். விடை தெளிவாக இல்லையெனில் ஆலிவ் காய்களும் தக்காளி தடவிய ரொட்டியும் போதும். சந்தேகமானவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை அல்லவா?

அத்தகைய இடத்துக்கே போகலாமா என்று சிலர் கேட்பர். அது நியாயமான கேள்வி. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபிமொழி எச்சரிக்கிறது. மதுவே பிரதானமான தபாஸ் கடைகளை விட்டு விலகுவதுதான் பேணுதல். ஹலால் உணவகம் அருகில் இருந்தால் அதுவே முதல் தேர்வாகட்டும். பயணத்துக்கு முன்பே அதைத் தேடி வைப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு.

பயேயாவை அவ்வூரார் மரபாக உண்ணும் முறை நமக்கு அந்நியமன்று. அகன்ற சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி அமர்ந்து, அவரவர் தம் முன்னுள்ள பகுதியிலிருந்து மட்டும் உண்பர். அடியில் பிடித்த காந்தலுக்கு அங்கும் போட்டிதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனில் கூடி உண்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றுமா? தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறுவருக்குக் கற்றுத்தந்த ஒழுக்கமும் இதுவே.

அன்று நம் பிள்ளைகள் உணவைவிட அதிகம் கவனித்தது பெற்றோரின் தயக்கத்தைத்தான். அடுத்த முறை அவர்கள் நம்மிடம் காண வேண்டியது, புன்னகையுடன் கேட்கும் துணிவு. ஹலாலானதையும் தூய்மையானதையும் தேடி உண்ணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.